எறாவுக்கு முதுகில், மீனுக்கு வயிற்றில்

பிளஸ் ஒன் விலங்கியலில் 'விலங்குலகம்' பாடத்தின் கடைசிப் பகுதி முதுகுநாணிகள். முதுகுநாண், அதற்கு மேலே உள்ளீடற்ற நரம்பு வடம், தொண்டையில் செவுள் பிளவுகள், மலவாயைத் தாண்டி நீளும் வால் என்று அடையாளங்களைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். எந்த வகுப்புக்கு இதயத்தில் எத்தனை அறை என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நீட் எழுதப்போகிறவர்கள் விதிவிலக்கையும் சேர்த்தே சொல்வார்கள்: ஊர்வனவற்றுக்கு மூன்று, முதலைக்கு மட்டும் நான்கு. இவ்வளவும் தெரிந்த வகுப்பில் வருடா வருடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். "நீயும் முதுகுநாணிதானே? உன் முதுகுநாண் இப்போ எங்க இருக்கு?"

பெரும்பாலும் கை பின்னால் போய் முதுகெலும்பைத் தொடும். முதுகுநாண் அது இல்லை. தாயின் வயிற்றில் மூன்றாவது வாரத்தில், கரு இன்னும் ஒரு தட்டையான தகடாக இருக்கும்போதே, நடுவில் நீளவாக்கில் ஒரு மெல்லிய தண்டு உருவாகிறது. அதில் எலும்பும் கிடையாது, குருத்தெலும்பும் கிடையாது. உறுதியான உறைக்குள் நீர் கோத்த செல்கள் நெருக்கமாக அடைந்திருப்பதால் அது வளையும், ஆனால் சுருங்காது. பிறகு அதைச் சுற்றி முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக வளர்ந்து அதை நெரித்துவிடுகின்றன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுக்குள் மட்டும் கொஞ்சம் கூழாக அது தங்கிவிடுகிறது. குடியாத்தம் பக்கம் தறிக்குழியில் உட்கார்ந்து முதுகு போனவர்கள் "ஜவ்வு விலகிடுச்சு" என்று சொல்கிறார்களே, அந்த ஜவ்வின் நடுக்கூழ்தான் முதுகுநாணின் மிச்சம்.

இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அப்பாவுக்கு, பாட்டிக்கு, மாமாவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படம் எந்த வீட்டிலாவது பரண்மேல் இருக்கும். எடுத்து வரச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நீர் வற்றாத வட்டுகள் நடுவில் வெளுப்பாகவும் வற்றியவை கருப்பாகவும் தெரியும். அந்த வெளுப்பைக் காட்டி "இதோ முதுகுநாண் இருந்த இடம்" என்று சொல்ல முடிகிறபோது, பரீட்சைக்காகப் படித்த ஒரு வரி சொந்த வீட்டு விஷயமாகிவிடுகிறது.

என் கட்சி இதுதான். இந்தப் பாடத்தை அட்டவணையிலிருந்து தொடங்கக் கூடாது. விலங்குகளைத் தொகுதி, வகுப்பு என்று பிரிப்பது யாருக்கு யார் உறவு என்று சொல்வதற்காக. அந்த உறவின் அடையாளம் வளர்ந்த உடம்பில் பாதி கலைந்திருக்கும். கருவில் தேட வேண்டும், இல்லையென்றால் உடம்பைத் திறந்து பார்க்க வேண்டும். வட ஆற்காட்டுக்காரர்களான நமக்கு அப்படித் திறந்து பார்க்கும் இடங்கள் நிறையவே இருக்கின்றன.

முதல் இடம் மீன் மார்க்கெட். வேலூர் மார்க்கெட்டில் மீன் ஆயும் அக்கா ஒருவரிடம் எறாவும் கெண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, இரண்டையும் ஏன் வேறு வேறு மாதிரி அறுக்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்னா டீச்சர், எறாவுக்கு முதுகுலதான் கீறணும், மீனுக்கு வயித்துலதான் கீறணும். குடல் அங்கதானே இருக்கு!" விலங்கியலில் பெரிய பெரிய ஆட்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மோதிக்கொண்ட விஷயம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

எறாவின் முதுகில் கீறி உருவும் கருப்பு இழையை நம் வீடுகளில் நரம்பு என்பார்கள். அது குடல். எறாவின் உண்மையான நரம்பு வடம் வயிற்றுப் பக்கம், கால்களுக்கு நடுவே வெளிர் நிறத்தில் ஓடுகிறது. கரப்பான், மண்புழு, வயல் நண்டு எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு: நரம்பு கீழே, நடுவில் குடல், முதுகுப் பக்கம் இதயமோ இதயத்தின் வேலையைச் செய்யும் குழாயோ. மீனுக்கும் தவளைக்கும் நமக்கும் நேர்மாறு. நரம்பு மேலே, குடலும் இதயமும் கீழே.

1822இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர், சிங்கி எறாவை மல்லாக்கப் போட்டால் அதன் உள்ளமைப்பு நம்முடையதைப் போலவே இருக்கிறது என்று எழுதினார். அப்போது அறிவியல் உலகில் இன்னொரு பிரெஞ்சு விலங்கியலாளரான குவியரின் குரலே ஓங்கியிருந்தது. விலங்குகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தனித்தனி அமைப்புகளில் அடங்கும் என்பது அவர் கொள்கை. 1830இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இருவருக்கும் நேரடி வாதம் நடந்தது. குவியரே வென்றார் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1990களில் பழ ஈயின் மரபணுக்களையும் தவளையின் மரபணுக்களையும் ஒப்பிட்டபோது, ஈயின் கருவில் வயிற்றுப் பக்கம் "இங்கே நரம்பு வளரட்டும்" என்று இடம் காக்கும் புரதமும், தவளையின் கருவில் முதுகுப் பக்கம் அதே வேலையைச் செய்யும் புரதமும் ஒரே குடும்பத்தவை என்று தெரிந்தது. ஈயின் மரபணுவைத் தவளையின் கருவில் போட்டாலும் வேலை செய்தது. நம் முன்னோர் வழியில் எங்கோ ஒரு கட்டத்தில் உடம்பின் மேல்கீழ் புரண்டிருக்கிறது. பள்ளியில் அறுத்துக் காட்டும் வழக்கம் நின்றுபோன இந்தக் காலத்திலும், சமையலுக்கு வாங்கும் கால் கிலோ எறாவும் ஒரு மீனும் இருந்தால் இதைக் காட்டிவிடலாம்.

மீனிலேயே இன்னும் ஒன்று இருக்கிறது. வஞ்சிரத் துண்டின் நடு எலும்பைப் பாருங்கள். வட்டமான முள்ளெலும்பு, அதன் தலைமேல் ஒரு சிறு வளையம், வளையத்துக்குள் வெள்ளை இழை. அதுதான் தண்டுவடம். வால் பக்கத்துத் துண்டாக இருந்தால் கீழேயும் ஒரு வளையம் தெரியும், அது இரத்தக் குழாய் போகும் வழி. சாப்பிட்ட பிறகு எலும்பைத் தனியாக எடுத்தால் இரண்டு பக்கமும் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். குழியில் வழவழவென்று ஒட்டியிருப்பதைச் சிலர் விரும்பி உறிஞ்சுவார்கள். அது மீனின் முதுகுநாண். நமக்கு ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும், மீனுக்குத் தட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதுகெலும்பே இல்லாத முதுகுநாணிகள் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளச் சிரமப்படுவார்கள். வால்முதுகுநாணிகள், தலைமுதுகுநாணிகள் என்று இரண்டு துணைத்தொகுதிகள். அசிடியன் முதல் வகை. வளர்ந்தது பாறையில் ஒட்டிக்கொண்டு, ஒரு துளையால் கடல்நீரை உறிஞ்சி இன்னொன்றால் வெளியே விடும் ஒரு தோல் பை. அதனால் நீண்ட காலம் சிப்பி, நத்தைகளின் கூட்டத்தில் வைத்திருந்தார்கள். 1866இல் ருஷ்யக் கருவியலாளர் கோவலெவ்ஸ்கி அதன் முட்டையிலிருந்து வரும் இளம் உயிரைக் கவனித்தார். தலைப்பிரட்டை போல நீந்துகிறது, வாலில் முதுகுநாண் இருக்கிறது, அதன்மேல் குழல் வடிவ நரம்பு வடம் இருக்கிறது. கொஞ்ச நேரம் நீந்திவிட்டுத் தலையைப் பாறையில் ஒட்டி, வாலையும் நாணையும் தன்னுள் கரைத்துவிடுகிறது. நத்தைக் கூட்டத்தில் கிடந்த பிராணி ஒரே ஆராய்ச்சியில் நம் உறவுக்காரன் ஆனது. தலைமுதுகுநாணியான ஆம்பியாக்சஸ் என்ற சிறு கடல் பிராணியின் கதையும் இப்படித்தான். 1774இல் அதை முதலில் விவரித்த பல்லாஸ் ஓடில்லா நத்தை என்றே பெயர் வைத்தார். ஆனால் அதற்கு முதுகுநாண் வாழ்நாள் முழுக்க, மூக்கு நுனிவரை ஓடுகிறது.

பாடநூலில் அசிடியன் முதலிலும், ஆம்பியாக்சஸ் நடுவிலும், முதுகெலும்பிகள் கடைசியிலும் வரும். படிக்கிறவர்கள் அதை ஏணிப்படி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மீனைப் போலவே தோன்றும் ஆம்பியாக்சஸ்தான் நமக்கு நெருக்கம் என்றுதான் ஆராய்ச்சியாளர்களும் நினைத்திருந்தார்கள். 2006இல் மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்டு வந்த ஆய்வு, பாறையில் ஒட்டிய அந்தப் பைதான் நமக்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டியது. தோற்றத்தை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற கடல் பிராணி இதற்கு எதிர்த்திசை உதாரணம். செவுள் பிளவுகள் இருப்பதாலும், நாண் போன்ற ஒரு சிறு உறுப்பு இருப்பதாலும் அதை ஒரு காலத்தில் முதுகுநாணிகளிலேயே சேர்த்திருந்தார்கள். இப்போது அது சேர்ந்த அரைநாணிகள் தனித் தொகுதி, நட்சத்திர மீன்களுக்குப் பக்கத்தில்.

நமக்குச் செவுள் பிளவு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். மனிதக் கருவின் தொண்டையில் பைகளாகத் தோன்றி, திறக்காமலே வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. முதல் பை நடுக்காதின் அறையாகவும், காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயாகவும் ஆகிறது. ஏலகிரிக்குப் பஸ்ஸில் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் திறக்கிறதே, அந்த வழி. பைகளுக்கு இடையிலுள்ள வளைவுகளில் முதலாவதிலிருந்து காதின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் வருகின்றன. பன்றிக் கருக்களைப் பார்த்து 1837இல் ரைஷெர்ட் கண்டுபிடித்தது இது. ஊர்வனவற்றில் அதே இரண்டு எலும்புகள் தாடை மூட்டு. பல்லி வாயைத் திறக்கும்போது அசைகிற மூட்டுதான் நமக்குச் சத்தம் கேட்கும்போது அதிர்கிறது. இதைப் படித்த முதல் நாள் எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போது சொல்லும்போதும் அப்படித்தான். தைராய்டும் இந்த வழியில் வந்ததே. ஆம்பியாக்சஸின் தொண்டைத் தரையில் கோழை சுரந்து உணவைப் பிடிக்கும் ஒரு பள்ளம் அயோடினையும் சேர்க்கிறது. லாம்ப்ரே என்ற தாடையற்ற மீனின் இளம்பருவத்தில் அதே பள்ளம் இருந்து, வளர்ந்ததும் தைராய்டாக மாறிவிடுகிறது.

நரம்பு வடம் ஏன் உள்ளீடற்றது என்று எந்தக் கேள்வித்தாளிலும் நான் பார்த்ததில்லை. அது தகடாகத் தொடங்கிச் சுருண்டு மூடிய குழல் என்பதால்தான் நடுவில் வெற்றிடம். முதுகுநாணிலிருந்து வரும் சைகைகள்தான் அந்த வடத்தின் எந்தப் பகுதி என்னவாக வேண்டும் என்று வகுத்துக் கொடுக்கின்றன. மனிதக் கருவில் நாலாவது வாரம் முடிவதற்குள் குழல் மூடிவிட வேண்டும். கீழ்ப்பகுதி மூடாமல் போனால் குழந்தை முதுகில் பிளவோடு பிறக்கும். கருத்தரித்திருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத நாட்கள் அவை. ஃபோலிக் அமிலம் அந்தக் குறையைப் பெருமளவு தடுக்கும் என்பதை 1991இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு உறுதி செய்தது. முன்பு ஒரு முறை அப்படிக் குழந்தை பெற்றவர்களிடம், கருத்தரிக்கும் முன்பிருந்தே கொடுத்ததில், மறுபடி நேர்வது சுமார் 70 விழுக்காடு குறைந்தது. ஆகவே கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், நாள் தள்ளிப்போகும்வரை காத்திராமல், முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும். பதினோராம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு நான் இதைப் பாடத்தோடு சேர்த்தே சொல்கிறேன். முதுகுநாணிகளின் இரண்டாவது பொதுப்பண்பு அவர்கள் வாழ்க்கையில் நேரடியாகப் புகும் இடம் அது.

அந்த வடத்தைக் காக்கத்தான் முள்ளெலும்புகள். வேலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது பாகாயத்தை நினைக்காமல் முடியாது. இங்குள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்ததற்கு அவரே காரணம். மரத்திலிருந்தும் மாடியிலிருந்தும் விழுந்து முதுகு ஒடிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ அங்கே வருகிறார்கள். பாலூட்டிகளின் தண்டுவடம் அறுந்தால் தானாக ஒட்டாது. வரிக்குதிரை மீனுக்கு ஒட்டும். சுவரில் ஓடும் பல்லிக்கு அறுந்த வால் மறுபடி முளைத்தாலும் உள்ளே முள்ளெலும்பு வருவதில்லை, ஒரு குருத்தெலும்புக் குழாய்தான் வருகிறது. ஒரே தொகுதிக்குள் ஏன் இந்த வேறுபாடு என்பது பாகாயத்தில் படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொந்தமான கேள்வி.

இனி முதுகெலும்பிகளின் வகுப்புகள். பாதிக்கு மேல் மீன்களே. தாடையற்ற வட்டவாயின நம் கண்ணில் படாதவை. குருத்தெலும்பு மீன்களைச் சுறாப் புட்டு செய்கிறவர்கள் நன்றாகவே அறிவார்கள். வேகவைத்து உதிர்த்தால் பூவாக உதிரும், தொண்டையில் குத்தும் முள் கிடையாது. எலும்பு மீன்களில் ஏரி விராலைத் தண்ணீர் இல்லாத கூடையிலும் நெடுநேரம் உயிரோடு விற்கிறார்கள், தலைக்குள் காற்றை உறிஞ்சும் அறைகள் இருப்பதால். ஆனால் அது நுரையீரல் இல்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் நுரையீரல் மீனுக்குத்தான் நம்முடையதோடு ஒப்பிடத் தகுந்த நுரையீரல் இருக்கிறது. அந்த மீன் விராலுக்கு இருப்பதைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு. அப்படியானால் 'மீன்' என்பது தண்ணீரில் வாழும் முறையைச் சொல்லும் பெயராகிவிடுகிறது, ஒரு குடும்பத்தின் பெயராக நிற்பதில்லை.

ஊர்வனவும் அப்படியே. வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று இங்கே பிறந்த எல்லாரும் கேட்டு வளர்ந்திருப்போம். இப்போது அகழிக்கரை மரங்களில் காக்கைதான். பழைய முதலையையும் இன்றைய காக்கையையும் கோட்டைச் சுவர் ஓணானையும் பக்கத்தில் வைத்தால், முதலையையும் ஓணானையும்தான் எல்லாரும் ஜோடி சேர்ப்பார்கள். செதில், நாலு கால், நீண்ட வால். உண்மையில் முதலையும் காக்கையும்தான் நெருங்கிய பங்காளிகள், ஓணான் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே பாகம் பிரிந்து போன கிளை. டைனோசர்களும் முதலைகளின் முன்னோரும் ஒரே கிளையில் வந்தவை, பறவைகள் அந்த டைனோசர்களின் நேர் வாரிசு. மனப்பாடம் செய்த "முதலைக்கு மட்டும் நான்கு அறை" இப்போது விதிவிலக்காகத் தோன்றாது. பறவைக்கும் நான்கு, முதலைக்கும் நான்கு. தாய் முதலை கூட்டைக் காப்பதும், முட்டைக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுத்ததும் தோண்டி எடுப்பதும்கூட இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. பழைய வட ஆற்காட்டிலிருந்த சாத்தனூர் அணைக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே முதலைப் பண்ணையில் இந்த நினைப்போடு ஒரு முறை நின்று பார்க்கலாம்.

பூந்தொட்டியைத் தூக்கினால் ஈரமண்ணில் மண்புழுவோடு புழுப்பாம்பும் நெளியும். ஒரு சாண்கூட இருக்காது. முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உற்றுப் பார்த்தால் ஒன்றில் வளையங்கள், மற்றதில் பளபளக்கும் செதில்கள், நுழைந்து வெளிவரும் நாக்கு. உள்ளே முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் வரிசையாக இருக்கின்றன. அதில் ஆணே கிடையாது, பெண்கள் தனியாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. விஷமற்ற இந்தச் சின்னப் பிராணியை மிதித்துக் கொல்லாதீர்கள்.

தோல். இதை எழுத வேண்டுமென்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆம்பியாக்சஸின் மேல்தோல் ஒற்றைச் செல் அடுக்கு. முதுகெலும்பிகளுக்குப் பல அடுக்கு மேல்தோல், அதன் கீழே கொலாஜன் நார்கள் பின்னிய தடித்த உள்தோல். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகள் அத்தனையும் இந்த ஒரு பண்பின்மேல் நிற்கின்றன. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியையும் மேல்தோலையும் கழிக்கிறார்கள். அடியில் ஒட்டிய சதையைச் சீவுகிறார்கள். மிஞ்சுவது உள்தோல். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், இந்தக் காலத்தில் குரோம் உப்பும் அந்தக் கொலாஜனைப் பிடித்து அழுகாமல் நிறுத்துகின்றன. கரப்பான் ஓட்டையோ நண்டு ஓட்டையோ இப்படிப் பதனிட முடியாது, அங்கே இருப்பது கொலாஜன் இல்லை, கைட்டின் என்ற வேறு பொருள். இந்தத் தொழில் பாலாற்றுக்குச் செய்த கேடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. அந்த வேதனை எனக்கு உண்டு. ஆனாலும் தோலை அறிந்த கைகளின் அறிவு பெரியது.

பேர்ணாம்பட்டில் தோல் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரின் பையன் என் வகுப்பில் இருந்தான். அப்பாவிடம் கேட்டு வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். பெயரெழுதாத துண்டுகளைக் கண்ணை மூடித் தடவியே ஆடு, மாடு, எருமை என்று பிரித்து வைத்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, முடி இருந்த துளைகளை மற்றவர்களுக்குக் காட்டினான். வெள்ளாட்டுக்குத் துளைகள் சின்னச் சின்னக் கூட்டமாக வரிசை கட்டியிருந்தன. மாட்டுக்கு நெருக்கமாகச் சீராகப் பரவியிருந்தன. எருமைக்குத் தள்ளித்தள்ளி. பாலூட்டி என்ற வகுப்பின் அடையாளம் முடி. முடி போன பிறகும் அதன் துளை செருப்பிலும் பெல்ட்டிலும் இருக்கிறது.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், அப்போ கோழிக்கால் தோலைப் பதனிட்டா அதுல என்ன இருக்கும்?" பையன் அப்பாவிடம் கேட்டுவிட்டு மறுநாள் பதில் கொண்டுவந்தான். பதனிட முடியுமாம், துண்டு சின்னதாக இருப்பதால் இந்தப் பக்கம் யாரும் அந்த வேலைக்குப் போவதில்லையாம். அன்றைக்கு இறைச்சிக் கடையிலிருந்து இரண்டு கோழிக்கால் வாங்கிவந்து, முதலைத் தோலின் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். மேசையைச் சுற்றி நின்று கட்டம் கட்டமான செதில்களை ஒப்பிட்டார்கள். இறகுக்கான துளைகள் எந்த இடத்தில் ஆரம்பிக்கின்றன என்று கோழிக்காலில் மேல்நோக்கித் தேடிக்கொண்டு போனவள் அந்தப் பெண்தான்.